ஒரு ஸாரியின் விலை

தி.நகரில் வாங்குகிற ஸாரி இல்லை, வாயால் சொல்கிற ஸாரி. இங்கிலாந்தில் ஒரு தடவை அதைச் சொல்ல வைக்கப் புறப்பட்டு 85,000 பவுண்டுக்கு மேல் செலவாகியிருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு விஷயத்துக்கு முன்னால் பில்தான் கண்ணில் படும்!

செஷயர் பக்கம் ஹேண்ட்ஃபோர்த் என்று ஒரு சின்ன ஊர். 2020 டிசம்பரில் அதன் பாரிஷ் கவுன்சில் (நம்ம ஊராட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்) ஜூம் வழியாகக் கூட்டம் போட்டது. நடத்திக் கொடுக்க வந்த ஜாக்கி வீவர் என்ற பெண்மணியைப் பார்த்து, "உமக்கு இங்கே அதிகாரமே கிடையாது" என்கிற தினுசில் எகிறினார்கள். அந்த அம்மா அலட்டிக்கொள்ளாமல் பட்டனைத் தட்டி, தலைவரையே வெளியே அனுப்பிவிட்டார். 2021 பிப்ரவரியில் வீடியோ உலகத்தைச் சுற்றியது. எல்லோரும் சிரித்தோம்.

அப்புறம் புகார், விசாரணை. 2022 மார்ச்சில் முடிவு வெளியானது: கவுன்சிலர்கள் நடத்தை விதியை மீறியது உண்மை. அந்த அம்மாவுக்கு அதிகாரம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அவர் நிலைமை புரிந்துகொள்ளக்கூடியதே. இதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை பவுண்டு!

சரி, தண்டனை? முன்பெல்லாம் சஸ்பெண்ட் செய்ய முடிந்தது. லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டனையே 2006-ல் நிருபரிடம் பேசிய பேச்சுக்காக நான்கு வாரம் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். ஹைகோர்ட் அதை ரத்து செய்தது வேறு கதை. 2011-ல் வந்த லோக்கலிஸம் சட்டம் அந்த அதிகாரத்தையே எடுத்துவிட்டது. மிச்சம்? கண்டனம், பயிற்சி வகுப்பு, "மன்னிப்புக் கேளுங்க சார்" என்ற வேண்டுகோள். மாட்டேன் என்றால் அவ்வளவுதான்.

ஒரு வருஷம் விசாரித்தாலும் கடைசியில் கிடைக்கப்போவது ஒரு ஸாரி. அதை ஒரு வாரத்தில் டீ கொடுத்தே வாங்கிவிட்டால் என்ன? சமரச வழி என்பது இதுதான்.

புகார், கவுன்சிலின் மானிட்டரிங் ஆபீசரிடம் போகும். அவர் முதலில் கேட்பது, "அப்போ அவர் கவுன்சிலராக நடந்துகொண்டாரா?" சமையலறையில் சம்சாரத்திடம் கத்தியது கணக்கில் வராது. அடுத்து, விஷயம் எவ்வளவு கனம்? ரோஷம், மூக்குடைப்பு ரகம் என்றால் கட்சி சாராத சுதந்திர நபர் ஒருவரையும் கலந்துகொண்டு, இரண்டு பேரையும் பேச வைத்து முடித்துவிடுவார்.

ஆனால் ஸாரியிலும் போலி உண்டு. "உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." இது மன்னிப்பா? பெற்றுக்கொண்டேன் என்று கொடுக்கிற ரசீது! என்ன செய்தேன், இனி செய்யமாட்டேன் என்ற இரண்டும் இருந்தால்தான் அசல்.

இன்னொன்று. பாரிஷ் கவுன்சில்களில் பல இடங்களில் கிளார்க் ஒருவர்தான் மொத்த ஆபீஸும். அவரைத் தினம் விரட்டுகிற கவுன்சிலர்தான் அவருக்கு முதலாளியும்கூட. அவரை உட்கார வைத்து, "விட்டுக்கொடுத்துப் போம்மா" என்றால் அது சமரசமா? வாயை அடைப்பது. புகார் கொடுத்தவர் மனசார ஒப்புக்கொண்டால் ஒழிய டீ ஆற்றக்கூடாது. பண லாபத்தை மறைத்து ஓட்டுப் போட்டவருக்கோ டீயே கிடையாது. அது அந்த 2011 சட்டப்படியே கிரிமினல் குற்றம், போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

2019-ல் பொதுவாழ்வு நெறிகளுக்கான கமிட்டி, ஆறு மாதம் வரை சஸ்பெண்ட் செய்யும் அதிகாரத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. பின்னால் பிரம்பு இருக்கிறது என்று தெரிந்தால்தான் டீக்கே சிலர் வருவார்கள்.

மற்றபடி, மனசறிந்து சொன்ன ஸாரிக்குச் செலவுப் பக்கத்தில் எழுத ஒன்றுமே இல்லை. சொல்லாமல் விட்டதற்குத்தான் வட்டி ஏறுகிறது.