காடு எரிந்தால் செய்தி, வயல் எரிந்தால்?

எங்கள் ஊர் பெயர் நெடுங்காடு. பெயரில்தான் காடு இருக்கிறது, ஊரில் தேடினாலும் கிடைக்காது :-) காரைக்கால் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் வாய்க்காலும்தான். அதனால் காட்டுத்தீ என்றால் எங்களுக்கு அது டிவியில் வருகிற விஷயம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தபோது, ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

ஆனால் சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் ஊர்ப் பக்கமும் புகை கிளம்பும். அதை யாரும் தீ என்று சொல்வதில்லை. "தாள் கொளுத்துறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தப் பதிவு அந்தத் தீயைப் பற்றித்தான்.

முதலில் காட்டுத்தீ மண்ணை என்ன செய்கிறது என்று பார்ப்போம். மேல்மண்ணின் சூடு 200 டிகிரியைத் தாண்டும்போது, பல வருஷமாக இலைதழை மக்கிச் சேர்ந்த மட்கு கருகத் தொடங்கும். தழைச்சத்து காற்றோடு போய்விடும். இலைகளில் இருக்கிற மெழுகு மாதிரியான பொருட்கள் ஆவியாகி, கொஞ்சம் கீழே இறங்கி மண் துகள்களின் மேல் படியும். அப்புறம் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, மண்ணையும் சாம்பலையும் சேர்த்து அடித்துக்கொண்டு ஓடும். தீ அணைந்த பிறகும் சேதம் தொடர்வது இதனால்தான்.

ஒரு நன்மையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சாம்பலில் இருக்கிற சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உடனே கிடைப்பதால் எரிந்த இடத்தில் புல் பச்சைப் பசேலென்று முளைக்கும். பார்ப்பவர்களுக்கு மண் வளமாகிவிட்டது போலத் தெரியும். உண்மையில் அது சேமிப்பை உடைத்துச் செலவு செய்கிற மாதிரி.

இப்போது வயலுக்கு வருவோம். வைக்கோல் தீ சீக்கிரம் அணைந்துவிடும், சூடும் பெரும்பாலும் மேலேதான் போகும். காட்டுத்தீ அளவுக்கு ஆழமாகச் சுடாது, மேல் ஓரிரு அங்குலம்தான். ஆனால் நுண்ணுயிர்கள் அதிகம் இருப்பதே அந்த ஓரிரு அங்குலத்தில்தானே?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று வைத்தால் 10 முதல் 16 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பதே சுமார் 20 கிலோ தழைச்சத்துதான். அதாவது அரை மூட்டை, அதற்கு மேலும் யூரியாவைக் கொளுத்துகிறோம். சாம்பல்சத்தில் பெரும்பகுதி சாம்பலிலேயே தங்கும், ஆனால் காற்றும் முதல் தண்ணீரும் அதை அப்படியே விட்டுவைக்குமா? இதைவிடப் பெரிய நஷ்டம் கரிமம். மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று எழுதித் தருவார்கள். அதைக் கூட்ட வேண்டிய வைக்கோலைத்தான் புகையாக அனுப்புகிறோம்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, முன்ன ஆள் வச்சு அறுத்தோம், வைக்கோல் போருக்குப் போச்சு, மாடு தின்னுச்சு. இப்ப மாடு எங்க இருக்கு? பெல்ட் மிஷின் வந்து அறுத்துட்டுத் துண்டு துண்டா போட்டுட்டுப் போவுது. மழையில நனைஞ்சுட்டா கட்டு கட்டுறவனும் வர மாட்டான். நான் பருத்தி போடணும். ஈரம் காஞ்சிட்டா நீயா வந்து தண்ணி எறைப்ப?"

என்னிடம் பதில் இல்லை. தாளில் தங்குகிற குருத்துப்பூச்சிப் புழுவும் செத்துப்போகும் என்று இன்னொரு காரணமும் சொன்னார். அதுவும் பொய்யில்லை. ஆனால் அதே தீயில் பூச்சியைத் தின்கிற சிலந்தியும் சாகிறதே பெரியப்பா என்றேன். "அது சரிதான்" என்றார், அவ்வளவுதான்.

அதனால் விவசாயியைக் குற்றவாளியாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. 2015 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் பஞ்சாப், ஹரியானா உள்ளிட்ட வட மாநிலங்களில் பயிர்க்கழிவு எரிப்பதைத் தடை செய்தது. 2024 நவம்பரில் அபராதத்தை இரண்டு மடங்காக்கி 5,000 முதல் 30,000 ரூபாய் வரை என்று ஆக்கினார்கள். எல்லாம் டெல்லியின் மூச்சுக்காக. தப்பில்லை. ஆனால் புகை டெல்லிக்குப் போகாத எங்கள் ஊரில் மண்ணுக்காக யார் பேசுவது?

காடு ஒருமுறை எரிந்தால் ஆறுவதற்குப் பல வருஷம் கிடைக்கலாம். வயலுக்கு அந்த அவகாசம் இல்லை. அடுத்த தை, மாசியில் மறுபடியும் நெருப்பு. என் கவலை இதுதான்.

வழி இல்லாமலும் இல்லை. நெல் நிற்கும்போதே உளுந்து, பயறு தெளிப்பது டெல்டாவின் பழைய பழக்கம். தாளை எரிக்காமல், உழாமல், ஈரம் இருக்கும்போதே நடுவில் பருத்தி விதை ஊன்றும் முறையும் இருக்கிறது. மடக்கி உழுதால் மக்குவதற்கு இரண்டு மூன்று வாரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டு பயிர் மஞ்சளாகும். வைக்கோல் கட்டும் மிஷினை அறுவடை நேரத்தில் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால், பாதிப் பேர் தீப்பெட்டியைத் தொடவே மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பக்கத்திலேயே செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எரித்த வயல் ஒன்று, எரிக்காத வயல் ஒன்று, இரண்டிலும் மண் எடுத்துச் சோதித்து முடிவை ஊர் டீக்கடையில் ஒட்டுங்கள். என் பேச்சைக் கேட்காத பெரியப்பா, தன் வயல் மண்ணின் பேச்சைக் கேட்பார்.

இந்த வருஷம் ஒரு மா மட்டும் எரிக்காமல் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்!