கழுத்துச் சுரப்பியும் இருதயமும்

இருதயத்துக்கு ஆபத்து என்றவுடன் இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் புகைப் பழக்கமுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. கழுத்தின் முன்புறம் அமைந்துள்ள தைராய்டு சுரப்பியை யாரும் சந்தேகிப்பதில்லை. அது தன் ரசத்தைப் போதிய அளவு சுரக்காவிடில், விறகு குறைந்த அடுப்பைப் போல் சரீரத்தின் காரியங்கள் யாவும் மந்தமடைகின்றன. குளிர் தாங்காது, குரல் தடிக்கும், முகம் ஊதும், நாடி தளரும். வீட்டாரோ இதைச் சோம்பல் என்பர். அல்லது வயதாகிவிட்டது என்பர். ஸ்திரீகளையே இவ்வியாதி அதிகமாகப் பற்றுவதால், அந்த வசையும் பெரும்பாலும் அவர்களுக்கே கிடைக்கிறது.

1918-ல் ஜெர்மானிய வைத்தியர் ஹெர்மன் ஸொண்டெக், இவ்வியாதியால் பெருத்து மந்தமான இருதயம் சுரப்பி மருந்தினால் பழைய அளவுக்குத் திரும்புவதை எடுத்துக் காட்டினார். இருதயம் பெருப்பதோடு விஷயம் நிற்பதில்லை. அதைச் சூழ்ந்துள்ள உறையில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்வதால் உறையும் இடம் கொடுத்து விரிகிறது. நோயாளிக்கு அதிக வேதனை தெரிவதில்லை. பிறகு ஒரு நாள் உறை இடம் கொடாமற்போகும். இருதயம் நிரம்ப வழியின்றி இரத்த அழுத்தம் சரியும். மற்ற நோயாளிகளுக்கு அவ்வேளையில் நாடி பறக்கும். இவர்களுக்கோ நாடி நிதானமாகவே இருக்கக்கூடுமாதலால், பார்ப்பவர் ஏமாற நேரிடுகிறது. சிலருக்கு இருதயத்தின் தாளமே தவறி, கீழறைகள் வீணே படபடத்து உயிருக்கு மோசம் வருவதுண்டு. நுரையீரல் ஜ்வரமோ, தூக்க மருந்தோ, கடுங்குளிரோ குறுக்கிட்டால், சரீரச் சூடு தணிந்து பிரக்ஞை தவறும் நிலையும் வரலாம். அந்நிலையை எட்டியவர்களில் பலரைச் சிறந்த ஆஸ்பத்திரியிலும் காப்பாற்ற முடிவதில்லை.

இத்தனைக்கும் பரிகாரம் எளிது. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் வைத்தியர், ஆட்டின் சுரப்பிச் சாற்றை 46 வயது மாது ஒருத்திக்கு ஊசி வழியே செலுத்தினார். சுரப்பி மருந்தை விடாது கொண்டு அம்மாது மேலும் 28 வருஷங்கள் வாழ்ந்தாள். இன்று ஆட்டைத் தேட வேண்டியதில்லை. ஓர் இரத்தப் பரிசோதனையும், வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரையும் போதும். முதியோருக்கும் இருதய நோயுள்ளோருக்கும் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல உயர்த்துவார்கள். அவசரப்பட்டுத் தாமே அளவைக் கூட்டுவதும் இருதயத்துக்கு அபாயமே.

நமக்குக் கவலை தருவது மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றியே. உட்கொண்ட மருந்தில் பாதி கழியவே ஏறக்குறைய 7 நாட்கள் செல்லும். ஆகவே நிறுத்தியவுடன் ஒரு கெடுதலும் தோன்றாது. "மருந்தில்லாமலே சௌக்கியமாயிருக்கிறேனே" என்ற தைரியம் பிறக்கும். கால் வீங்கி, மூச்சு இரைத்து வைத்தியரிடம் செல்லும்பொழுது, மாத்திரையை எப்பொழுது நிறுத்தினோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். நம்மவர்கள் கூச்சத்தால் மறைப்பது பெரும்பாலும் அதைத்தான்.