புது என்ஜினுக்கு ஒரு வாரம் கொடுங்கள்!

"அண்ணே, நாளன்னைக்கு முகூர்த்தம். சேலத்துக்குப் போகணும். வண்டியை எடுக்கலாமா?"

"தாராளமா எடுங்க தம்பி. கொஞ்சம் மெதுவாப் போங்க. அவ்வளவுதான்."

காஞ்சீபுரத்தில் மோட்டார் பட்டறை வாசலில் இந்த மாதிரிப் பேச்சைக் கேட்கலாம். கேட்பவர் டாக்சி டிரைவர். பதில் சொல்பவர் மெக்கானிக். இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் இந்த இரண்டு வரிப் பேச்சில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரைந்து போவது உண்டு.

எப்படி?

டிரைவரின் வண்டி பழையது. நீலப் புகை தள்ளியது. ஆயில் குடித்தது. மேடு ஏறத் திணறியது. வேறு வழி இல்லாமல் என்ஜினை இறக்கி வேலை பார்த்தார்கள். சிலிண்டரை லேத் பட்டறையில் கொடுத்து 'போர்' செய்தார்கள். புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் போட்டார்கள். அதற்காக வீட்டு நகை அடகுக் கடைக்குப் போனது. சேலம் சவாரிப் பணத்தில் முதல் மாத வட்டியைக் கட்டிவிடலாம் என்பது டிரைவரின் கணக்கு.

வண்டி நிறைய ஆட்கள். மேலே பெட்டிகள். நல்ல வெயில். போக வர ஏறக்குறைய 500 கிலோ மீட்டர். நேரத்துக்குத் தாலி கட்ட வேண்டுமே! 'மெதுவா' என்ற சொல் காஞ்சீபுரம் எல்லையிலேயே மறந்து போகும்.

ஆறு மாதத்தில் மறுபடியும் நீலப் புகை. "பிஸ்டன் மட்டம்" என்கிறார் மெக்கானிக். "வேலை மட்டம்" என்கிறார் டிரைவர். பல சமயம் இரண்டும் இல்லை. புது என்ஜின் பழகுவதற்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. அதுதான் குற்றம்.

உள்ளே நடப்பது என்ன?

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன. அவைதான் ரிங். எரியும் வாயு கீழே இறங்காமலும், கீழே உள்ள ஆயில் மேலே ஏறாமலும் காப்பது ரிங்கின் வேலை.

போர் செய்த சிலிண்டரை எட்டிப் பாருங்கள். சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும். யாரோ கிறுக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். வேண்டுமென்றே போட்ட கீறல்கள்தான் அவை. இந்த வேலைக்கு 'ஹோனிங்' என்று பெயர். கீறலின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டை ரிங் தேய்த்துச் சமமாக்கும். ரிங்கும் தேயும், சுவரும் தேயும். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று பொருந்திக்கொள்ளும். இதைத்தான் பட்டறைக்காரர்கள் "என்ஜின் செட்டாகுது" என்கிறார்கள்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? அதன் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. அந்த அழுத்தம்தான் பெரியது. ஆகவே, என்ஜின் ஓரளவு வேலை செய்தால்தான் ரிங் படியும். சும்மா ஓடினால் படியாது. அளவுக்கு மீறி வேலை வாங்கினால் சூடு ஏறி, பிஸ்டன் சுவரில் உரசிக் காயப்படும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியின் பருமன்கூட இல்லை.

இது முதல் சில நூறு கிலோ மீட்டருக்குள் நடந்தாக வேண்டிய காரியம். தவறினால் ஆயில் கருகி, கண்ணாடிபோல் பூச்சாகி, பள்ளங்களை மூடிவிடும். அப்புறம் எவ்வளவு ஓட்டினாலும் ரிங் படியாது. மறுபடியும் என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறியில் புதுப் பாவு ஏற்றும்போது, பழைய பாவின் நுனியில் இழை இழையாகப் பிணைக்கிறார்கள். அந்தப் பிணைப்புகள் விழுதையும் அச்சையும் தாண்டும்வரை எந்த நெசவாளரும் அவசரப்பட மாட்டார். இழை அறுந்தால் என்ன நஷ்டம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதே வீட்டுப் பிள்ளை டாக்சி ஓட்டினால், போர் செய்த மறுநாளே வண்டியைச் சேலத்துக்கு விரட்டுகிறார்!

இரவெல்லாம் உறுமும் வண்டி

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. வேலை முடிந்த வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்தி, இரவு முழுவதும் ஐடிலில் ஓட விடுவது. "காலையில் செட்டாகிவிடும்" என்பார்கள். ஆகாது. நின்ற இடத்தில் ஓடும் என்ஜினில் வாயு அழுத்தம் மிகக் குறைவு. ரிங் படியாது. டீசல்தான் வீணாகும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் தூக்கமும் கெடும். ஆயில் பிரஷர் வருகிறதா, தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் ஓட விடுவது அவசியம். அதோடு நிறுத்தி, ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

எந்த ரோடு? காந்தி ரோடு வேண்டாம். பட்டுக் கடைக் கூட்டத்தில் நின்று நின்று போனால் அதுவும் ஐடில்தான். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையும் வேண்டாம். அங்கே ஒரே வேகத்தில் கால் மரத்துப் போகும். உத்திரமேரூர் ரோடு நல்லது. பாலாறு, மாகறல், வளைவு, வேகத்தடை, மாட்டு மந்தை எல்லாம் உண்டு. வேகம் தானாக ஏறும், தானாக இறங்கும். புது என்ஜினுக்கு இதுதான் வேண்டும். நடுத்தரமாக ஆக்சிலேட்டரை மிதித்து வேகம் எடுப்பது, பிறகு காலை எடுத்துத் தானாக இறங்க விடுவது. டாப் கியரில் மாடுபோல் ஊர்ந்து என்ஜினைத் திணற விடுவது மெதுவாகப் போவது ஆகாது, அது சித்திரவதை.

இது பழைய காலத்து நம்பிக்கை என்று சில இளைஞர்கள் சிரிக்கிறார்கள். காஞ்சீபுரம் மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. அந்தக் கம்பெனிக் கார்களின் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். முதல் 1,000 கிலோ மீட்டருக்கு என்ஜினை விரட்ட வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நுட்பமான இயந்திரங்கள் செய்து கொடுத்த என்ஜினுக்கே இந்தக் கவனம்! லேத் பட்டறையில் கையால் கீறிய சிலிண்டருக்கு எவ்வளவு வேண்டும்?

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. முதல் 500 கிலோ மீட்டருக்குள் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிட வேண்டும். வடிக்கும் ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் மின்னும். அது தேய்ந்த இரும்புத் தூள். அதோடு வண்டி ஓட்டினால் புது பேரிங் என்ன ஆகும்?

யார் கையைக் கடிக்கிறது?

"சொல்வது சுலபம். ஒரு வாரம் வாடகை போனால் வட்டி கட்டுவது யார்?" என்று டிரைவர் கேட்பார். நியாயமான கேள்வி. பதில் பட்டறையில்தான் இருக்கிறது. என்ஜினை இறக்கும் முன்பே மெக்கானிக் இதைச் சொல்ல வேண்டும். பிஸ்டன் இவ்வளவு, லேத் கூலி இவ்வளவு, கேஸ்கட் இவ்வளவு என்று எழுதும் சீட்டில், 'ஒரு வாரம் உள்ளூர்ச் சவாரி மட்டும், பிறகு ஆயில் மாற்ற இவ்வளவு' என்றும் எழுத வேண்டும். வாய்ப்பேச்சில் 'மெதுவா' என்றால் ஒருவருக்கு 40, இன்னொருவருக்கு 90. காகிதத்தில் எழுதினால் வண்டிச் சொந்தக்காரர் மறுக்க முடியாது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கும் அதுவே பாதுகாப்பு. முதலாளி "சேலம் போ" என்றால் அவர் என்ன செய்வார், பாவம்!

மாதமும் பார்க்க வேண்டும். தையிலும் ஆவணியிலும் என்ஜினை இறக்குவது கையிலிருக்கும் பணத்தை விடுவது. ஆடியில் கல்யாணம் இல்லை. அம்மன் கோயில்களுக்குக் கிட்டத்தில் சவாரி கிடைக்கும். புது என்ஜினுக்கு ஏற்ற தூரம். மார்கழியிலும் கல்யாணம் இல்லையே என்று ஏமாந்துவிடக் கூடாது. அப்போது சபரிமலைக்கு வண்டி கேட்பார்கள்!

இங்கிலாந்தில் 1950-களில் புது என்ஜின் போட்ட கார்களின் பின்கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். 'என்ஜின் பழகுகிறது. தயவுசெய்து முந்திச் செல்லுங்கள்' என்பது அதன் பொருள். காஞ்சீபுரம் டாக்சிக்காரர்களும் தமிழில் எழுதி ஒட்டலாம். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பதாவது குறையும்.