லேப்டாப்புக்கும் பல் பார்க்கலாம்



மருங்காபுரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது. மகளிர் குழுக் கணக்கை அதில் எழுதலாமா? பேங்க் வேலை பார்க்கலாமா? நம்பலாமா?” ஒரு வரியில் பதில் சொல்லி முடியாது என்பதால் இந்தப் பக்கத்தையே அவருக்கு ஒதுக்கிவிட்டேன்.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்புகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றது, சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ். வீட்டுப் பயனர்களுக்கு விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஓட்டை தெரிய வந்தாலும் அடைக்க ஆள் இல்லை. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொது ஆதரவு முடிந்துவிட்டது. மெஷின் என்னவோ நன்றாகத்தான் ஓடும். ஆனால் மணப்பாறைச் சந்தையில் நடையை மட்டும் பார்த்தா மாடு பிடிக்கிறோம்? பல்லைப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லையே!

அப்படியானால் லினக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அதுவும் கூடாது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். விடாமல் நோண்டியதில், லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ கருவிக்குள் ஒரு கள்ளவழி இருப்பது தெரிந்தது. அதை வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஒழுங்காக வேலை பார்த்து, நல்ல பெயர் வாங்கி, பராமரிப்புப் பொறுப்பிலேயே உட்கார்ந்தவர். நிரல் எல்லோர் கைக்கும் எட்டியதால்தான் ஃப்ராய்ண்டால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. அவருக்கு அந்த அரை விநாடி உறுத்தாமல் போயிருந்தால், திறந்து கிடந்தும் பயனில்லை. எந்தக் கம்பெனி என்பதைவிட, இன்றைக்கும் யாராவது பார்த்துக்கொண்டும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டும் இருக்கிறார்களா என்றுதான் கேட்க வேண்டும்.

மீதி நம் கையில் இருக்கிறது. பல வீடுகளில் லேப்டாப்பில் ஒரே பயனர் கணக்குதான். அதுவும் அட்மின் கணக்கு, பாஸ்வேர்டும் கிடையாது. பையன் பென் டிரைவில் கேம் கொண்டுவந்து போடுகிறான். ‘மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா?’ என்று ஒரு பெட்டி கேட்கிறது. ‘எஸ்’ தட்டுகிறான். கேமோடு ஒட்டிக்கொண்டு எது வந்திருந்தாலும், அந்த ஒரு தட்டில் கணினி முழுக்க அதற்கு அதிகாரம் கிடைத்துவிடுகிறது. அட்மின் கணக்குக்குப் பாஸ்வேர்டு வைத்து, அவனுக்கு ஸ்டாண்டர்டு கணக்கு போட்டுக் கொடுத்திருந்தால், அதே பெட்டி அட்மின் பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அம்மாவைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். அம்மாவும் நாலு கேள்வி கேட்பார்.

ஆகவே சகோதரி, குழுக் கணக்கைத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் இணையத்தோடு இணைக்காமல், உங்களுக்கென்று பாஸ்வேர்டோடு தனிப் பயனர் கணக்கு வைத்து எழுதுங்கள். வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்துப் பீரோவில் வையுங்கள். பேங்க் வேலை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். கணினி தெரிந்த பிள்ளைகள் யாரையாவது பிடித்து, அந்த மெஷின் தாங்கக்கூடிய, இப்போதும் திருத்தங்கள் வருகிற லினக்ஸ் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அதிலும் அட்மின் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பழைய லேப்டாப் என்ன நிலையில் இருக்கிறது? எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்