நல்ல பாக்டீரியாவை அரசு கையில் எடுக்கட்டும்

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ‘லான்செட்’ இதழின் ஆய்வு மதிப்பிட்டது. புதிய ஆன்டிபயாடிக் ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. அது புழக்கத்துக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே அதையும் தாங்கும் கிருமிகள் தலையெடுத்துவிடுகின்றன. எனவே, தொற்றே வராமல் தடுக்கும் வழிகளுக்கு அரசு முதலிடம் தர வேண்டும். ‘புரோபயாட்டிக்’ எனப்படும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் கிருமிகளை அண்டவிடாத பொருட்களும் அத்தகைய வழிகள்.

இதற்கான வலுவான சான்று ஒடிசாவிலிருந்து கிடைத்தது. 149 கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு, லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் பாக்டீரியாவும் அதற்கு உணவாகும் சர்க்கரைப் பொருளும் ஏழு நாட்கள் வாய்வழியாகப் புகட்டப்பட்டன. மறு பாதியினருக்கு மருந்தற்ற பொடி. முதல் 60 நாட்களில் செப்சிஸ் எனும் கடும் தொற்றுப் பாதிப்புக்கு ஆளானவர்கள் அல்லது இறந்தவர்களின் விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. 2017இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த ஆய்வின்படி, ஒரு குழந்தைக்கான செலவு சுமார் ஒரு டாலர்தான். தொற்று குறைந்தால் ஆன்டிபயாடிக் தேவையும் குறையும்.

பாக்டீரியாவையே மருந்தாகத் தருவது ஆபத்தில்லையா என்ற கேள்வி நியாயமானது. குறைமாதக் குழந்தைகளுக்கு புரோபயாட்டிக் தருவது குறித்து அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்தது. ஒடிசா ஆய்விலோ, கருவில் 35 வாரம் நிறைந்து, இரண்டு கிலோ எடையேனும் இருந்த குழந்தைகளே சேர்க்கப்பட்டனர். ஆகவே, எந்த ரகம், எவ்வளவு, யாருக்கு என்பதே கேள்வி. ஒரு ரகத்தின் வெற்றியைக் காட்டி, ‘புரோபயாட்டிக்’ என்று அச்சிட்ட எல்லா டப்பாக்களையும் விற்க விடக்கூடாது.

கிருமிகளை அண்டவிடாத பொருட்களுக்கும் இதே அளவுகோல்தான். செப்புக் கலவைப் பரப்புகளை முறையாகத் துடைத்துவந்தால் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களில் 99.9 சதவீதம் இரண்டு மணி நேரத்தில் அழிகின்றன என்ற அடிப்படையில், 2008இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அவற்றைப் பதிவுசெய்தது. கட்டில் கம்பியையும் கதவுக் கைப்பிடியையும் தொட்ட கையே அடுத்த நோயாளியையும் தொடுகிறது என்பதால் மருத்துவமனைகளுக்கு இது முக்கியம். ஆனால், செம்பைத் தாங்கும் பாக்டீரியாக்களும் உண்டு. கை கழுவுவதற்கு இத்தகைய பரப்புகள் மாற்றாகாது. டிரைக்ளோசான் எனும் கிருமிநாசினி கலந்த சோப்பு, சாதாரண சோப்பைவிட மேலானது என நிறுவனங்களால் நிரூபிக்க முடியாததால், 2016இல் அமெரிக்கா அதற்குத் தடை விதித்ததை நினைவில் கொள்ள வேண்டும்.

சோதனையைத் தனியாரிடம் விட்டால், லாபம் தரும் பொருளே முன்னுக்கு வரும். ஒரு டாலர் மருந்து கிடப்பில் போடப்படும். எனவே, ஒடிசா ஆய்வைப் பிற மாநிலங்களிலும் அரசு நிதியில் நடத்த வேண்டும். பலன் உறுதியானால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்க வேண்டும். நிரூபிக்கப்படாத விளம்பரங்களுக்குத் தடை விதிக்க வேண்டும். பச்சிளங்குழந்தைகளின் உயிரைக் காக்க இவ்வளவு மலிவான வாய்ப்பு தெரிந்த பிறகும் தாமதிப்பதை ஏற்க முடியாது.