முகவரியும் ஒரு வாக்குறுதியே

நாமறிந்த இதழ்த் தொகுப்பொன்று டாம்கேட் வழங்கியில் ஜாவா செயலியாக இயங்கிவந்தது. புதுப்பித்தவர் வார் கோப்பின் பெயரோடு ஆண்டையும் சேர்த்தார். பழைய சுட்டிகள் யாவும் செத்தன. டாம்கேட்டில் பொதுவாகக் கோப்பின் பெயரே செயலியின் பாதையாகிறது. 'ரூட்' எனப் பெயரிட்டால் தளத்தின் தலைவாயிலிலேயே நிற்கும். பதிப்பெண் வேண்டுமெனில் இரட்டை ஹாஷ் குறிக்குப் பின் எழுதலாம்; பாதை மாறாது. இதைச் செய்திருக்கலாம்.

முகவரிகள் மாறலாகாது என டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே வலியுறுத்தினார். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ஏறிவிட்ட முகவரி பின்னர் நமக்கு மட்டும் உரியதன்று. ஆகவே பாதையைத் தீர்மானிப்பதை நிரலாளரின் வசதிக்கு விடலாகாது; அது பதிப்பாசிரியரின் பொறுப்பு என்போம். மாற்றியே தீரவேண்டுமெனில், பழைய வாயிலில் வருவோரைப் புதியதற்கு அனுப்பும் வழிமாற்றேனும் இருக்கட்டும்.