சோழன் கேட்ட மெட்டு எது?

2022இல் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது கிளம்பிய முணுமுணுப்பு எங்கள் திருவொற்றியூர் வாக்கிங் கோஷ்டியில் இன்னும் ஓயவில்லை. 1950 முதல் கல்கியில் தொடராக வந்ததைப் பெரியவர்கள் கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைக்க, அதைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். மணியம் வரைந்த வந்தியத்தேவன்தான் மனசில் இருக்கிறான். நடிகர் முகம் அதில் ஒட்டவில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ரகுமான் போட்டது சோழர் காலத்து இசையே இல்லை" என்கிறார்களே, அதற்கு என்ன ஆதாரம்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஆடிய பெண்கள் 400 பேரின் கணக்கு உண்டு. வாசித்தவர்களுக்குத் தந்த பங்கும் உண்டு. மெட்டு இல்லை. "வயலின் வைத்துச் சுத்தமான கர்நாடக சங்கீதம் போட்டிருக்கலாம்" என்கிறார் ஒருவர். ஐயா, அந்த வயலினே சுமார் 200 வருஷத்துக்கு முன் பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டது. அதுவும் யார் தயவில்? நம் பக்கத்து ஊர் மணலி முதலியார் தயவில்! 1978இல் சூப்பர்மேன் படத்துக்கு லண்டன் ஆர்கெஸ்ட்ரா வாசித்ததே, கிரிப்டன் கிரகத்து வாத்தியமா அது?

பாட்டு பிடிக்கவில்லையா, தாராளமாகச் சொல்லுங்கள். அருண்மொழிவர்மனைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். ஆதாரம் இல்லாமல் ஆபீசில் ஒரு குறிப்பும் எழுதாதவன் நான். இதற்கு மட்டும் எப்படித் தலையாட்டுவேன்?